இடது சீட்டில் ஒரு பால் பம்ப்

ஜூன் 10, 2025, செவ்வாய்

இன்று சிட்டாள் ஆச்சி கிளட்ச்சை ஒரேயடியாக விட்டுவிட்டார். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. வயிற்றுக்குள் இருப்பதும் குதித்தது. "ஆத்தீ, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு சொல்லித்தருகிறவளாக இடது சீட்டில் இருந்த என் பக்கம் திரும்பினார். "பிள்ளை நல்லா இருக்கு ஆச்சி. நீங்க முதல்ல ஸ்டீயரிங்கைப் பிடிங்க."

ஆச்சிக்கு அறுபது நெருங்குகிறது. வீட்டில் கார் நிற்கிறது; டிரைவர் லீவு போட்டால் தெருமுனைக்குக்கூடப் போக முடியவில்லை என்று கோபப்பட்டு வந்து சேர்ந்தவர். இந்த ஊரில் பெண்களுக்குக் கார் சொல்லித்தர வேறு பெண் இருக்கிறாளா தெரியாது. எனக்குத் தெரிந்து நான் மட்டும்தான்.

மதியம் ஸ்ரீநிவாசன் சார் அறைக்குக் கூப்பிட்டார். டிரைவிங் ஸ்கூல் அவருடையது.

"ஒரு வருசம் நல்லா ரெஸ்ட் எடும்மா கிருத்திகா. லேடீஸ் பேட்ச்சை அருள்பாண்டி பார்த்துக்கிருவான்."

"வேணாம் சார். டிசம்பர்ல வந்துருவேன்."

"பால்குடிப் பிள்ளைய விட்டுட்டா?"

எப்படி என்று தெரியாமலே "வந்துருவேன் சார்" என்றேன். டிசம்பர் வரை பார்ப்பாராம். வரவில்லையென்றால் பேட்ச்சும் காரும் அருள்பாண்டிக்கு. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அக்கறையாகச் சொன்னார். அதுதான் எரிச்சல்.

அருள்பாண்டி நல்ல பையன். ஆனால் ஆண் சொல்லித்தருகிறான் என்றால் பாதிப் பெண்களை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அந்தப் பேட்ச் ஒரு வருடம் தாங்காது.

சாயங்காலம் ஸ்வேதாவிடம் போனில் புலம்பினேன். காலேஜில் ஒன்றாகப் படித்தவள், சென்னையில் வேலை, கைக்குழந்தைக்காரி. "பம்ப் வாங்கிருடி, எடுத்து வச்சிட்டுப் போ, அவ்வளவுதான்" என்றாள். ஓடிப்போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவருக்கு மரவேலை, வீடுகளுக்கு அலமாரி, சமையலறை எல்லாம் செய்து கொடுக்கிறார். அளந்துகொண்டிருந்த பலகையிலிருந்து தலையைத் தூக்காமல், "போர்ல தண்ணி நல்லாத்தான வருது, எதுக்குப் பம்ப்பு?" என்றார்.

சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

பம்ப் என்றால் பம்ப் என்று நினைத்திருந்தேன். கையால் அமுக்குவது, கரண்டில் ஓடுவது, சார்ஜ் ஏற்றுவது, ஒரு பக்கம் எடுப்பது, இரு பக்கமும் எடுப்பது, உள்ளாடைக்குள் செருகிக்கொண்டு ஊர் சுற்றுவது. 'என் வாழ்க்கையையே மாற்றியது' என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். 'சுத்தக் குப்பை' என்று இன்னொருத்தி. இருவரும் வாங்கியது ஒரே பம்ப்.

யாராவது எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்டால் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன். எனக்கு ஒன்று வாங்கத் தெரியவில்லை.

ஜூன் 21, சனி

மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார், ஏதோ திருட்டுச் சாமான் கேட்டதுபோல. உள்ளேயிருந்து இரண்டு பெட்டி வந்தது.

"ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்?"

"இது ரோஸு. இது ஊதா."

"அதில்லண்ணே. இழுக்குற வேகம், கப் சைஸு..."

"எல்லாம் ஒரே சைஸுதாம்மா."

திறந்து பார்க்கலாமா என்றேன். திறந்தால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். வேண்டாமென்றதும் முகத்தில் ஒரு நிம்மதி அவருக்கு. பின்னால் நின்ற பெரியவர் கட்டுக்கட்டாகச் சர்க்கரை மாத்திரை வாங்கினார். அவரிடம் யாரும் குரலைத் தணிக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வளைகாப்பு. கை நிறைய வளையல், ஏழு வகைச் சாதம், நெற்குப்பையிலிருந்து அம்மா வீட்டு ஆட்கள், தெருவே வந்திருந்தது. சிட்டாள் ஆச்சியும் வந்தார். எனக்குச் சந்தனம் தடவிக்கொண்டே, சபைக்கே கேட்கிற மாதிரி, "பால் எடுக்குற மிஷின் வாங்கியாச்சா? டிசம்பர்ல நீ வராட்டி நான் யாரைத் தேடிப் போறது?" என்றார்.

அத்தை முகம் சிவந்துவிட்டது. என் மாமியாருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், பாத்திரம் அடுக்குவார். எல்லோரும் போனபிறகு அடுக்கினார். "சபையில பேசுற பேச்சா இது? டப்பாப் பால் கொடுத்தா ஆகாதா? உம் புருசன் அதைக் குடிச்சுத்தான் இப்படி வளந்து நிக்கிறான்."

தப்பாகச் சொல்லவில்லை அவர். டப்பாப் பாலில் வளர்ந்தவர் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார். ஆனால் எனக்கு இரண்டும் வேண்டும். பிள்ளைக்கு என் பாலும் வேண்டும், எனக்கு என் இடது சீட்டும் வேண்டும். ஏன் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்? பேராசையா? இருக்கட்டுமே.

ஜூலை 11, வெள்ளி

ஸ்வேதா தன் பம்ப்பைக் கூரியரில் அனுப்பிவிட்டாள். பிரச்சினை தீர்ந்தது என்று செக்கப்புக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் பால் கொடுப்பது பற்றிச் சொல்லித்தருவதற்கென்றே ஒரு சிஸ்டர் இருக்கிறார், நாகவல்லி. குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே கறுப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது.

"பூஞ்சை. இந்த வகையில பால் குழாய் வழியா மோட்டார் வரைக்கும் போயிரும்மா. குழாயை மாத்தலாம், மோட்டாருக்குள்ள எப்படிக் கழுவுவ? நடுவுல தடுப்பு இருக்குற வகையாப் பார்த்து, உனக்குன்னு புதுசா வாங்கு."

அப்புறம் கேட்டார்: "எந்தப் பம்ப்புன்னு அப்புறம் பேசுவோம். நீ எங்க உக்காந்து எடுக்கப் போற?"

இத்தனை நாள் நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி. காரில், ஆபீஸில், டெஸ்ட் நடக்கும் இடத்தில் என்றேன். "அப்ப பிளக்கை நம்பாத, சார்ஜ் நிக்கிறதா வாங்கு. கப் அளவை இப்ப எடுக்காத, பிள்ளை பொறந்து மார்பு மாறும். அளவு தப்பினா எவ்வளவு நல்ல மிஷினா இருந்தாலும் வலிதான் மிஞ்சும். முக்கியமா, வாங்கி வச்சு இப்பவே போட்டுப் பார்த்துறாத. பிரசவ வலி வந்துரும்."

போட்டுப் பார்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

ஜூலை 12

ஸ்வேதாவிடம் பூஞ்சை விஷயத்தைச் சொன்னேன். வருத்தப்படுவாள் என்று பயந்தேன். "அய்யய்யோ, ரெண்டாவது பிள்ளைக்கு அதைத் திருப்பி வாங்கிக்கலாம்னு இருந்தேன்டி" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

இவர் என்னைவிட அதிகமாக வீடியோ பார்க்கிறார். உள்ளாடைக்குள் வைக்கிற வகைதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கையும் காலும் சும்மா இருக்குமாம், பாடம் நடத்திக்கொண்டே எடுத்துவிடலாமாம்.

"பரீட்சை வச்சுப் பார்ப்போம்" என்றேன். மூடியில் ஓட்டை போட்ட இரண்டு சின்ன டப்பாவில் தண்ணீர் நிரப்பி, நைட்டிக்குள் கட்டிக்கொண்டு ஸ்கூல் காரில் இடது பக்கம் உட்கார்ந்தேன். இவர் டிரைவர் சீட்டில். "நீங்க இப்ப சிட்டாள் ஆச்சி" என்றேன். கிளட்ச்சை அப்படியே விட்டார். நான் பாய்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். அவ்வளவுதான், மடியெல்லாம் தண்ணீர். ஒரு வகுப்பில் நான் எத்தனை தடவை குனிந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்த நைட்டியோடு இறங்கி, "வண்டி சர்வீஸு நடக்குது அக்கா" என்றேன்.

அந்த வகை ஆபீஸில் அசையாமல் உட்காருகிறவர்களுக்கு. எனக்கில்லை. முடிவு ஒன்று எடுத்தாயிற்று!

ஆகஸ்ட் 13

நான் லீவில் நெற்குப்பைக்கு, அம்மா வீட்டுக்கு வந்தபிறகு ஆச்சி அருள்பாண்டியோடு டெஸ்டுக்குப் போய் ரிவர்ஸில் தோற்றுவிட்டார். போன் செய்தார். "அவன் நல்லாத்தான் சொல்லித்தாரான். எனக்குத்தான் அவன்கிட்ட சந்தேகம் கேக்கக் கூச்சமா இருக்கு. நீ வா, பார்த்துக்கிருவோம்."

செப்டம்பர் 6

பெண். விடிந்ததும் பிறந்தாள். நன்றாக அழுதாள். நானும்.

செப்டம்பர் 11, வியாழன்

யாரும் சொல்லவில்லையே. பால் கொடுப்பது தானாக வரும் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள். புண். பிள்ளை வாயை வைத்தாலே உயிர் போகிறது. அவளுக்கும் கிடைக்கவில்லை, கத்துகிறாள். பம்ப் வாங்கி எல்லாவற்றையும் எடுத்தே கொடுத்துவிடலாமா?

நாகவல்லி சிஸ்டரிடம் போனேன். பிள்ளையின் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வாய் நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, பட்டென்று அணைத்தார். வலி இல்லை. சத்தியமாக வலி இல்லை! "முதல்ல இவ குடிக்கப் பழகட்டும். பம்ப்பு எங்கயும் ஓடிறாது."

செப்டம்பர் 27

அளவு எடுத்தோம். பெட்டியோடு வருகிற கப் எனக்குப் பெரிது. சின்னது தனியாக வாங்க வேண்டும். மெடிக்கல்காரரின் 'எல்லாம் ஒரே சைஸு' நினைவுக்கு வந்தது.

இரு பக்கமும் எடுப்பது, சார்ஜ் ஏற்றுவது, பால் மோட்டாருக்குள் போகாதது. இவர்தான் ஆர்டர் போட்டார். கரண்டும் சார்ஜும் காலை வாரினால் இருக்கட்டும் என்று கையால் அமுக்குவதும் ஒன்று. முடிந்தது. ஒரு காரே வாங்கிய அசதி.

அக்டோபர் 10, வெள்ளி

நெற்குப்பையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி, பம்ப் போட்டது இன்றுதான் முதல் தடவை. பாட்டிலின் அடிகூட நனையவில்லை.

இதுக்குத்தானா இத்தனை பாடு? எனக்குப் பாலே இல்லையோ? பிள்ளை இத்தனை நாளா பட்டினியா கெடந்துச்சா? அத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். சொல்லியிருக்கலாம்.

சிஸ்டருக்குப் போன் போட்டு அழுதேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளை எப்பக் குடிச்சா?"

"இப்பத்தான். குடிச்சு முடிச்ச உடனே..."

"அவ காலி பண்ணதுக்கப்புறம் மிஷின் எங்கேயிருந்தும்மா எடுக்கும்? காலையில ஒரு பக்கம் பிள்ளை குடிக்கட்டும், மறுபக்கம் மிஷினைப் போடு. நாள்பட வரும். பிள்ளை எடை ஏறுது, மூத்திரம் போறா. உனக்கென்ன குறை?"

அக்டோபர் 16

வந்தது! பாட்டிலில் பாதி. கிட்டத்தட்டப் பாதி. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதுபோல் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "நம்ம போரை விட ஜோரு" என்றார்.

நவம்பர் 13, வியாழன்

மனசு ஆறவில்லை. எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

பேங்க்குக்குப் போய்விட்டு வந்து பிரிட்ஜைத் திறந்தால் பாட்டில் ஒன்றும் இல்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது.

"அத்தை, பால் எங்க?"

"திரிஞ்சு போச்சுத்தா. மேல ஏடா ஒதுங்கி, கீழ தண்ணியா நின்னுச்சு. ஊத்திட்டேன்."

திரியவில்லை. தாய்ப்பால் பிரிட்ஜில் அப்படித்தான் பிரிந்து நிற்கும், மெதுவாகச் சுழற்றினால் சேர்ந்துவிடும். சிஸ்டர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் அத்தையிடம் சொல்லவில்லை.

கத்திவிட்டேன். ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா, ஒரு போன் பண்ணக் கூடாதா, எத்தனை நாளு விடியமுன்ன எந்திருச்சு எந்திருச்சு எடுத்தேன், உங்களுக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க, எதுக்கு ஊத்துறீக... இன்னும் என்னென்னவோ. பிள்ளை அழுதாள். இவர் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

அத்தை பாத்திரம் அடுக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "நான் மாட்டுப்பால் காய்ச்சுனவத்தா. திரிஞ்சா ஊத்தத்தான் தெரியும். பிள்ளைக்குக் கெட்டதைக் கொடுத்துறக் கூடாதேன்னுதான்..."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

நவம்பர் 15, சனி

தடுப்பூசிக்கு அத்தையும் வருகிறேன் என்றார். ஊசி போட்டதும் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு நேராக நாகவல்லி சிஸ்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"நான் இவ மாமியா. டிசம்பர்லயிருந்து பிள்ளை என்கிட்டதான் இருக்கும். அந்தப் பாலை என்ன செய்யணும், எப்படிச் சூடு பண்ணணும், எல்லாம் முதல்லயிருந்து சொல்லுங்க. சொன்னதைத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க."

திருப்பிச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

வெளியே வந்ததும் "மன்னிச்சுருங்க அத்தை" என்றேன். "அட, போ. இதை நீ அன்னைக்கே சொல்லிருந்தா ஊத்திருக்க மாட்டேன்ல?" என்றார். நியாயம்தான்.

நவம்பர் 29, சனி

பாட்டில் ரப்பரை வாயில் வைத்தாலே பிள்ளை துப்புகிறாள். வேலைக்குப் போக இன்னும் ஒரு வாரம்தான்.

இன்று அத்தை என்னை வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னார். "உன் வாசம் இருக்குற வரைக்கும் அவ வேற எதையும் தொட மாட்டா. தெருமுனையில போய் நில்லு." நின்றேன். திரும்பி வந்தால் மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி முழுப் பாலையும் கொடுத்து முடித்திருந்தார். வெண்கலப் பாலாடையில்லை, சிஸ்டர் சொன்னபடி தண்ணீரில் கொதிக்கவைத்த எவர்சில்வர். பிள்ளை நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு என்னை யார் என்பதுபோல் பார்த்தாள்.

பிரிட்ஜில் மேல்தட்டு இனிமேல் பிள்ளைக்கு மட்டும். இவர் மீன் வைக்கப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

டிசம்பர் 8, திங்கள்

போய்விட்டேன்! இடது சீட்டில் உட்கார்ந்தேன். பேட்ச் பெண்கள் கை தட்டினார்கள். ஆச்சி புதிதாக எல்.எல்.ஆர். எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பத்தரை மணிக்கு நெஞ்சு கனத்தது. ஸ்ரீநிவாசன் சாரிடம் ஒரு இடம் வேண்டும் என்றேன். எதற்கென்றும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பாத்ரூமைக் காட்டினார்.

"சார், உங்க மத்தியானச் சாப்பாட்டை அங்க வச்சுச் சாப்பிடுவீகளா?"

கேட்டபிறகுதான் ஐயோ என்றிருந்தது. சார் எழுந்தார். பேப்பரையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு தன் அறையைவிட்டு வெளியே வந்தார். "உள்ள தாழ்ப்பாள் இருக்கும்மா" என்றார். நான் முடித்துவிட்டு வரும்வரை கதவுக்கு வெளியே நின்று பேப்பர் படித்தார். அவரைப் பார்க்க வந்தவரிடம், "மீட்டிங் நடக்குது, உட்காருங்க" என்று சொன்னது கேட்டது.

மீட்டிங்தான். நானும் மோட்டாரும்.

டிசம்பர் 19

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை முகமெல்லாம் சிரிப்பாக என்மேல் பாய்ந்து குடித்தாள். என்னை மறந்துவிடுவாள் என்று யாரோ சொன்னார்கள். யார் என்று மறந்துவிட்டது.

ஜனவரி 22, 2026, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும். இப்படி ஒரு நாள் அடிக்கடி வராது.

ஆச்சியையும் இன்னும் மூன்று பெண்களையும் டெஸ்டுக்கு அழைத்துப் போனேன். காலையிலேயே முடிந்துவிடும் என்று நினைத்தது, சர்வர் வேலை செய்யவில்லை என்று இழுத்துக்கொண்டே போனது. வெயில் ஏறியது. எனக்குச் சட்டை நனைய ஆரம்பித்தது. கல்லாகக் கட்டிவிட்டது. சுற்றிலும் பொட்டல், ஆண்கள், பைக்குகள். ஒதுங்க ஓர் இடம் கிடையாது.

ஆச்சி என் முகத்தைப் பார்த்தார். "ஏத்தா, பால் கட்டிக்கிருச்சா?"

"ஆமா ஆச்சி."

"வண்டிக்குள்ள ஏறு."

கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் கிடையாது, சட்டப்படி ஒட்டக் கூடாது என்று நானே பாடம் நடத்துகிறவள். ஆச்சி பின்சீட்டுக் கதவைத் திறந்து என்னை ஏற்றினார். மூன்று பெண்களும் துப்பட்டாக்களைக் கழற்றிக் கண்ணாடி இடுக்கில் செருகித் தொங்கவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே வண்ணவண்ணமாக வெளிச்சம். பம்ப்பை ஓடவிட்டேன். பால் இறங்க இறங்கத் தோளே லேசாகிக்கொண்டு வந்தது.

அப்போது பார்த்து எங்கள் வண்டியைக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டரே பேப்பரோடு வந்துவிட்டார்.

"யார் சிட்டாள்? வண்டியை எடுங்க. என்ன இது, துணி எல்லாம்?"

ஒரு தடவை தவறவிட்டால் இன்னொரு நாள் தேதி வாங்க வேண்டும். பாதியில் நிறுத்தவும் முடியாது. ஆச்சியின் குரல் வெளியே நிதானமாகக் கேட்டது.

"நான்தேன் சிட்டாள். உள்ள எங்க டீச்சர் கைப்பிள்ளைக்குப் பால் எடுத்துக்கிட்டு இருக்காக. செத்த நேரம் ஆகும். அடுத்த வண்டியைப் பார்த்துட்டு வாரீகளா?"

கெஞ்சவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் காபி கலக்கிறேன் என்று சொல்கிற குரல். இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, அவங்க முடிக்கட்டும். அடுத்த வண்டி வா!"

முடித்து, பாட்டில்களை ஐஸ் பையில் வைத்து, துப்பட்டாக்களைத் திருப்பிக் கொடுத்து இறங்கினேன். ஆச்சி ஏறி உட்கார்ந்து, சீட்டைச் சரிசெய்து, பெல்ட் போட்டு, கண்ணாடிகளைப் பார்த்தார். கிளட்ச் பூப்போல மேலே வந்தது. ரிவர்ஸில் ஒரு கம்பத்தையும் தொடவில்லை. நான் கோட்டுக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பாஸ். நான்கு பேரும் பாஸ்! மூன்று பெண்களில் சின்னவள் என்னைத் தூக்கியே சுற்றினாள். "கையில பை இருக்கு, பால் கொட்டிரும்டி" என்று கத்தினேன். கொட்டவில்லை. இன்ஸ்பெக்டர் தாண்டிப் போகும்போது, "உங்க ஸ்டூடன்ட்ஸா எல்லாரும்?" என்றார். "ஆமா சார்" என்றேன். இவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை.

ஜனவரி 27

ஸ்ரீநிவாசன் சார் சாயங்காலத்துக்கும் ஒரு லேடீஸ் பேட்ச் தொடங்குகிறார். போர்டில் என் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறார். 'கிருத்திக்கா' என்று எழுதிவிட்டார்கள். இருக்கட்டும், ஓர் எழுத்து கூடுதல்தானே.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஆச்சி தன் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் ஹாரன் அடித்தார். டிரைவரை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். பிள்ளையார்பட்டிக்கு. அத்தை முன்சீட்டில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் பிள்ளையும் பின்னால்.

குன்றக்குடி தாண்டியதும் பிள்ளை பசிக்கு அழுதாள். நான் வாயைத் திறக்குமுன்னே ஆச்சி கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டி, கைப்பிரேக்கை இழுத்து எஞ்சினை அணைத்தார். அத்தை ஜன்னலை இறக்கிவிட்டார். நல்ல காற்று. பிள்ளை ஒரு கையால் என் தாலியைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

"இந்தா முடிச்சுருவா ஆச்சி" என்றேன்.

"மெதுவாக் குடிக்கட்டும்த்தா. பிள்ளையார் எங்குட்டும் போயிற மாட்டாரு."